டிஸ்க் யார் கண்ணுக்குத் தெரியவில்லை? 42 லேப்டாப்கள், 14 டெஸ்க்டாப்கள், ஒரு இமேஜ்

“அண்ணா, இதுல டிஸ்கே இல்லைங்குது.”

முதல் லேப்டாப்பை நெட்வொர்க்கில் பூட் செய்த பத்தாவது நிமிடம் கூட வேலை பார்க்கும் தம்பி சொன்னது இது. அப்போது அதை ஒற்றை லேப்டாப்பின் கோளாறு என்றே எடுத்துக்கொண்டேன். பெட்டியிலிருந்து வரும்போதே ஒன்றிரண்டு இப்படி இருக்கும். “தள்ளி வை, அடுத்ததைப் பார்” என்றேன். அடுத்ததிலும் அதே செய்தி, அதற்கடுத்ததிலும் அதே. ஐந்தாவதைத் திறந்தபோது இருவருமே பேசவில்லை.

வேலை இதுதான்: புதிய லேப்டாப்கள் 42, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த டெஸ்க்டாப்கள் 14. எல்லாவற்றிலும் ஒரே விண்டோஸ் இமேஜை, அதாவது தயார் நிலையில் நகலெடுத்து வைத்த விண்டோஸை, ஏற்ற வேண்டும். முறையும் பழகியதுதான். சிஸ்டம் நெட்வொர்க் வழியாக பூட் ஆகும், சர்வரிலிருந்து வின்பிஇ என்னும் சின்ன விண்டோஸ் மெமரியில் வந்து உட்காரும், அது ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி டிஸ்க்கைப் பிரித்து இமேஜை விரிக்கும், பிறகு ஒரு ரீஸ்டார்ட். அதே சர்வர், அதே பூட் இமேஜ் கொண்டு அதற்கு முன் இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசசர் உள்ள சிஸ்டங்கள் எத்தனையோ தயார் செய்திருக்கிறோம். புதிய லேப்டாப்கள் 12ஆம் தலைமுறை. மாறியது அது ஒன்றுதான். ஆனால் அந்த மாற்றத்தை முதல் ஒன்றரை மணி நேரம் நாங்கள் கண்டுகொள்ளவேயில்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், யாராவது அதே வழியில் போகாமல் இருக்கட்டும். நெட்வொர்க் கேபிளை மாற்றினோம். பூட் இமேஜ் கெட்டுப்போயிருக்குமோ என்று சர்வரைச் சந்தேகித்து ரீஸ்டார்ட் செய்தோம். ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி எஸ்எஸ்டியை எடுத்துத் துடைத்துத் திரும்பச் செருகினோம். இத்தனைக்கும் விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸுக்குள் போய்ப் பார்த்திருந்தால் 30 நொடியில் தெரிந்திருக்கும்: டிஸ்க் அங்கே பெயரோடும் கொள்ளளவோடும் தெளிவாக உட்கார்ந்திருந்தது.

அங்கேதான் கேள்வி மாறியது. “டிஸ்க் ஏன் இல்லை?” என்று கேட்டுக்கொண்டிருந்தவரை ஒன்றும் நகரவில்லை. டிஸ்க் இருக்கிறது, பயாஸுக்குத் தெரிகிறது. அப்படியானால் யாருக்குத் தெரியவில்லை? இமேஜ் ஏற்றும் வேலையில் டிஸ்க்கைப் பார்க்க வேண்டியவர்கள் நான்கு பேர். முதலில் பயாஸ், அப்புறம் வின்பிஇ, அப்புறம் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் ஸ்கிரிப்ட் அல்லது கருவி, கடைசியாக ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எழுந்திருக்கும் புதிய விண்டோஸ். நால்வரில் எவருக்குத் தெரியாவிட்டாலும் திரையில் வருவது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான புகார்தான். எங்கள் நான்கு நாள் வேலையில் நான்கு இடத்திலும் முட்டிக்கொண்டோம் என்பதுதான் இந்தக் கதையை எழுத வைத்தது.

வின்பிஇ-யின் கண்

வின்பிஇ திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் அழுத்திக் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்தோம். டிஸ்க்குகளைப் பார்க்கவும் பிரிக்கவும் உதவும் டிஸ்க்பார்ட் கட்டளையை அடித்து, லிஸ்ட் டிஸ்க் கொடுத்தோம். காட்ட நிலையான டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒற்றை வரி வந்தது. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகி மீண்டும் கேட்டபோது அது மட்டும் டிஸ்க் 0 என்று 28 ஜிபி கணக்கோடு வந்தது. இந்தச் சின்னச் சோதனை நல்லது. டிஸ்க்பார்ட் சரியாக வேலை செய்கிறது, யுஎஸ்பி பக்கம் பிரச்சினை இல்லை, உள்ளே இருக்கும் என்விஎம்இ (பிசிஐ பஸ் வழியாகப் பேசும் வேகமான எஸ்எஸ்டி) டிஸ்க்குக்குப் போகும் பாதை மட்டும் அடைபட்டிருக்கிறது என்று உறுதியாகிறது.

பாதையை அடைத்திருந்தது விஎம்டி. விரித்துச் சொன்னால் வால்யூம் மேனேஜ்மெண்ட் டிவைஸ். முதலில் இன்டெல்லின் சர்வர் பிராசசர்களில் இருந்தது. 11ஆம் தலைமுறையிலிருந்து சாதாரண லேப்டாப், டெஸ்க்டாப் பிராசசர்களிலும் வந்துவிட்டது. பல சிஸ்டங்கள் அதை ஆன் செய்த நிலையிலேயே பெட்டியிலிருந்து வருகின்றன. விஎம்டி ஆன் ஆக இருந்தால் என்விஎம்இ டிஸ்க், சிஸ்டத்தின் பாகங்களை இணைக்கும் பிசிஐ பஸ்ஸில் தனி ஆளாக வெளியே தெரியாது. விஎம்டி கன்ட்ரோலர் என்ற ஒரே ஒரு சாதனம்தான் வாசலில் நிற்கும். டிஸ்க் அதன் பின்னால், வீட்டுக்குள் இருக்கும். விண்டோஸோடு வரும் சாதாரண என்விஎம்இ டிரைவர் வாசலில் நிற்பவரைப் பார்த்து “இவர் என்விஎம்இ இல்லையே” என்று திரும்பிப் போய்விடும். அந்தக் கன்ட்ரோலருடன் பேசத் தெரிந்த டிரைவர் இருந்தால்தான் உள்ளே இருக்கும் டிஸ்க் வெளியே வரும். பயாஸுக்குச் சொந்தமாகவே அந்தப் பேச்சு தெரியும் என்பதால் அதன் கண்ணுக்கு மட்டும் டிஸ்க் தெரிந்தது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, பயாஸில் விஎம்டியை அணைப்பது. ஒரு லேப்டாப்பில் அணைத்துப் பார்த்தோம். உடனே டிஸ்க் வந்தது, இமேஜும் ஏறியது. தம்பி அப்போதே மீதி 41-ஐயும் அணைக்கக் கிளம்பிவிட்டான். நான்தான் நிறுத்தினேன்.

அணைப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஒற்றை டிஸ்க் மட்டும் உள்ள லேப்டாப்பில் விஎம்டியால் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. என் தயக்கம் வேறு. 42 சிஸ்டங்களில் கையால் அணைத்தால் 2 சிஸ்டத்தில் கை மறந்துவிடும். நாளை யாராவது பயாஸைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினால், அல்லது மதர்போர்டு மாற்றினால், விஎம்டி மறுபடி ஆன் ஆகும். அதற்கான டிரைவர் இல்லாத விண்டோஸ் அன்றே நீலத்திரையில் நிற்கும். அந்த அழைப்பு ஆறு மாதம் கழித்து வரும். அப்போது இந்தக் கதை யாருக்கும் நினைவிருக்காது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடும் சிஸ்டத்தில் இதைத் தொட்டால் மீட்பு விசை கேட்டு வேறு நிற்கக்கூடும். பயாஸ் அமைப்பை ஒரே இடத்திலிருந்து எல்லா சிஸ்டத்துக்கும் தள்ளும் கருவி எங்களிடம் இருந்திருந்தால் நானும் அணைக்கும் பக்கம் போயிருப்பேன். இல்லாததால் இரண்டாவது வழி: டிரைவரைக் கொடுப்பது.

டிரைவர் தேடிய கதை

வேண்டியது விஎம்டி கன்ட்ரோலருடன் பேசத் தெரிந்த இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர். இறக்கிய கோப்பு ஒரு நிறுவும் நிரல். இரட்டைச் சொடுக்கில் ஓடும். வின்பிஇ-க்கு அது ஒன்றுக்கும் உதவாது. அதற்கு வேண்டியது ஐஎன்எஃப், சிஸ், கேட் என்று முடியும் தனித்தனி டிரைவர் கோப்புகள். அந்த நிரலையே எக்ஸ்ட்ராக்ட்-டிரைவர்ஸ் என்ற விருப்பத்தோடு கமாண்ட் ப்ராம்ப்டில் ஓட்டினால் அவற்றைப் பிரித்துக் கொடுக்கிறது.

பிரித்த கோப்புறைக்குள் இரண்டு ஐஎன்எஃப். ஐஏஸ்டார்-ஏசி ஒன்று, ஐஏஸ்டார்-விடி இன்னொன்று. பெயரில் முதலாவது பழக்கப்பட்டது போலத் தெரிந்ததால் அதைத்தான் முதலில் எடுத்தோம். டிஸ்க் வரவில்லை. “டிரைவர் போட்டும் வரலையே” என்று மறுபடி ஒரு பத்து நிமிடம் சோர்ந்து உட்கார்ந்தோம். விஎம்டிக்கான டிரைவர் இரண்டாவது. முதலாவது விஎம்டி இல்லாத கன்ட்ரோலருக்கு.

ஊகித்துக்கொண்டிருக்காமல் இதைச் சரிபார்க்க நேரான வழி இருக்கிறது. அதே மாடலில், தயாரிப்பாளர் போட்டுக்கொடுத்த விண்டோஸ் இன்னும் அழிக்கப்படாத ஒரு சிஸ்டத்தைத் திறந்து, டிவைஸ் மேனேஜரில் விஎம்டி கன்ட்ரோலரின் ஹார்ட்வேர் ஐடியைப் பார்க்க வேண்டும். இன்டெல்லின் வெண்டர் எண் 8086. அதற்குப் பக்கத்தில் வரும் டிவைஸ் எண்தான் விஷயம். 11ஆம் தலைமுறையில் 9ஏ0பி, 12ஆம் தலைமுறையில் 467எஃப், 13ஆம் தலைமுறைச் சிஸ்டங்களில் ஏ77எஃப் என்றும் பார்க்கலாம். அந்த எண்ணை ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து தேட வேண்டும். எண் உள்ளே இருந்தால் அதுதான் உங்கள் டிரைவர். இல்லையென்றால் பெயர் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அது வேறு யாருக்கோ எழுதியது. எங்கள் லேப்டாப்பில் 467எஃப். ஐஏஸ்டார்-விடி ஐஎன்எஃப்பில் அந்த எண் இருந்தது.

பூட் இமேஜைத் தொடும் முன் ஒரு சோதனை. கோப்புகளைப் பென்டிரைவில் போட்டு, வின்பிஇ கமாண்ட் ப்ராம்ப்டில் டிஆர்வி-லோட் என்று அடித்து, ஐஎன்எஃப்பின் முழுப் பாதையைக் கொடுத்தோம். இரண்டு மூன்று நொடி கர்சர் அப்படியே நின்றது. வெற்றிகரமாக ஏற்றியதாக ஒரு வரி. டிஸ்க்பார்ட், ரீஸ்கேன், லிஸ்ட் டிஸ்க். டிஸ்க் 0 பென்டிரைவ், டிஸ்க் 1 ஆன்லைன், 476 ஜிபி. 512 என்று விற்கும் டிஸ்க் விண்டோஸ் கணக்கில் 476 ஆகத்தான் தெரியும் என்பதால் அந்த எண்ணைப் பார்த்ததும் நிம்மதி. தம்பி லேப்டாப்பைத் தட்டிக்கொடுத்தான்.

டிஆர்வி-லோட் செய்தது மெமரியில் மட்டும்; ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். ஆனால் சரியான டிரைவர் எது என்பதை இமேஜ் எதையும் கெடுக்காமல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. இதைச் செய்யாமல் நேரே பூட் இமேஜில் டிரைவரைத் திணிப்பவர்கள், வேலை செய்யாதபோது டிரைவர் தவறா, திணித்த விதம் தவறா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பூட் இமேஜில் அரை நாள்

அடுத்தது பூட் இமேஜ் இருக்கும் பூட் விம் கோப்பில் டிரைவரை நிரந்தரமாகச் சேர்ப்பது. விண்டோஸ் இமேஜ்களைத் திருத்தும் டிஸ்ம் கருவியால் விம்மை ஒரு வெற்றுக் கோப்புறையில் மவுண்ட் செய்து, ஆட்-டிரைவர் கொடுத்து, கமிட் சொல்லி அன்மவுண்ட் செய்தால் முடிந்தது. காகிதத்தில் மூன்று கட்டளை. எங்களுக்கு அரை நாள்.

முதல் தடவை எல்லாம் வெற்றி என்றே டிஸ்ம் சொன்னது. லேப்டாப்பை பூட் செய்தோம், டிஸ்க் இல்லை. காரணம், எங்கள் பூட் இமேஜ் விண்டோஸ் நிறுவும் மீடியாவிலிருந்து எடுத்தது. அந்த பூட் விம்முக்குள் இரண்டு இன்டெக்ஸ், அதாவது எண்ணிட்ட இரண்டு இமேஜ். 1 வெறும் வின்பிஇ, 2 விண்டோஸ் செட்டப். பூட் ஆவது 2. நாங்கள் டிரைவரைச் சேர்த்தது 1-இல்.

சரி, 2-இலும் சேர்த்தோம். மறுபடி பூட். மறுபடி டிஸ்க் இல்லை. இந்தத் தடவை உண்மையாகவே தலை சுற்றியது. டிஸ்ம்மிடம் அந்த இன்டெக்ஸில் என்னென்ன டிரைவர் இருக்கிறது என்று கேட்டால் பட்டியலில் டிரைவர் இருக்கிறது. லேப்டாப்பில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விளங்கியது: நெட்வொர்க் பூட் சர்வர், பூட் இமேஜைச் சேர்க்கும்போது தன் கோப்புறையில் தனி நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. நாங்கள் திருத்திக்கொண்டிருந்தது மூலக் கோப்பை. சர்வர் பரிமாறிக்கொண்டிருந்தது பழைய சோற்றை. சர்வரில் இமேஜை மாற்றி வைத்ததும் டிஸ்க் வந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். பூட் இமேஜை மவுண்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் அதன் வேரில் தேதியைப் பெயராகக் கொண்ட வெற்று டெக்ஸ்ட் கோப்பு ஒன்றைப் போட்டுவிடுகிறோம். வின்பிஇ மெமரியில் எக்ஸ் டிரைவாக உட்காரும். கமாண்ட் ப்ராம்ப்டில் எக்ஸ் டிரைவைப் பட்டியலிட்டால் அந்தத் தேதி கண்ணில் படும். இன்றைய தேதி இல்லையென்றால் டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் சர்வரைப் பார்க்க வேண்டும். இதைவிட மலிவான கண்காணிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்று. பூட் இமேஜில் கிடைத்த டிரைவரையெல்லாம் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிராபிக்ஸ், ஆடியோ, கைரேகைக் கருவி எல்லாம். வின்பிஇ-க்கு வேண்டியது டிஸ்க்கும் நெட்வொர்க்கும்தான். மற்றது எல்லாம் நெட்வொர்க்கில் இழுபடும் சுமை, மெமரியில் பிடிக்கும் இடம்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு நீலம்

இப்போது வின்பிஇ டிஸ்க்கைப் பார்க்கிறது, பிரிக்கிறது, இமேஜ் 100 சதவீதம் விரிகிறது. ரீஸ்டார்ட். விண்டோஸ் சின்னம், சுழலும் புள்ளிகள், பிறகு நீலத்திரை. இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ், அதாவது 0எக்ஸ்7பி.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். வின்பிஇ-க்குக் கொடுத்த டிரைவர் வின்பிஇ-யோடு போயிற்று. டிஸ்க்கில் விரித்த விண்டோஸ் வேறு ஆள். அதற்கு அந்தக் கன்ட்ரோலரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பூட் லோடர் பயாஸின் உதவியோடு விண்டோஸின் மையமான கர்னலை மெமரிக்குக் கொண்டுவந்துவிடும். கர்னல் எழுந்து, பயாஸின் கையை விட்டு, தானே டிஸ்க்கைத் தேடும் நொடியில் டிஸ்க் காணாமல் போகும். அதனால்தான் சின்னமும் புள்ளிகளும் வரை வந்துவிட்டு விழுகிறது. சவுண்ட் டிரைவர் போலப் பிறகு தேடிப் போட்டுக்கொள்ளலாம் என்ற சலுகை இந்த டிரைவருக்கு இல்லை. டிரைவரைப் படிக்கவே டிஸ்க் வேண்டும், டிஸ்க்கைத் தொட டிரைவர் வேண்டும்.

தீர்வு எளிது. இமேஜ் விரிந்த பிறகு, ரீஸ்டார்ட்டுக்கு முன், வின்பிஇ-யிலிருந்தே டிஸ்ம்மால் விரித்த விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனைக் காட்டி அதே டிரைவரைச் சேர்ப்பது. ஸ்கிரிப்டில் ஒரு வரி கூடியது. மாதிரி இமேஜிலேயே ஒரேயடியாகச் சேர்த்துவிடலாமே என்று கேட்கலாம், சேர்க்கலாம். மாடலுக்கு மாடல் டிரைவர் மாறும்போது இமேஜை ஒவ்வொரு தடவையும் திறக்க எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

நீலத்திரைக்கு இன்னொரு வாசலும் உண்டு. முன்பு விஎம்டியை அணைத்து இமேஜ் ஏற்றிய அந்த முதல் லேப்டாப்பை மற்றவற்றோடு ஒத்துப்போகட்டும் என்று விஎம்டி ஆன் செய்தோம், அதுவும் 0எக்ஸ்7பி. அதில் டிரைவரே இல்லை என்பதால் மறுபடி இமேஜ் ஏற்றினோம். எதிர்த்திசையில், விஎம்டி ஆன் ஆக இருந்த விண்டோஸை அணைத்த நிலைக்குக் கொண்டுபோகும்போது வருகிற இதே நீலத்திரைக்கு சேஃப் மோட் பெரும்பாலும் கைகொடுக்கும். அணைப்பதற்கு முன்பே அடுத்த பூட் சேஃப் மோடில் வரும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் எழுந்தால், விண்டோஸ் தன்னிடம் உள்ள என்விஎம்இ டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை நீக்க மறந்துவிடாதீர்கள்.

டெஸ்க்டாப்: தெரிந்தது, ஆனால் எது?

14 டெஸ்க்டாப்களும் பழைய தலைமுறை, விஎம்டி கிடையாது. இவற்றில் டிஸ்க் தெரியாத பிரச்சினை வராது என்று லேப்டாப்களை ஓடவிட்டுவிட்டு இவற்றையும் தொடங்கினோம். வந்தது அதைவிட மோசமான ஒன்று.

ஒவ்வொரு டெஸ்க்டாப்பிலும் இரண்டு டிஸ்க். விண்டோஸுக்கு 256 ஜிபி என்விஎம்இ, கோப்புகளுக்கு சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் 1 டிபி ஹார்ட்டிஸ்க். எங்கள் ஸ்கிரிப்ட் பல வருடமாக செலக்ட் டிஸ்க் 0, கிளீன் என்றே தொடங்கும், அதாவது டிஸ்க் 0-ஐத் தேர்ந்தெடுத்துத் துடைத்துவிடும். ஒற்றை டிஸ்க் சிஸ்டங்களில் அது சரி. இங்கே முதல் சிஸ்டத்தில் இமேஜ் ஏறும் வேகம் ஆமை வேகமாக இருந்தது. டிஸ்க்கின் கரகர சத்தமும் கேட்டது. என்விஎம்இ-யில் எங்கிருந்து சத்தம்? ஓடிப்போய் நிறுத்தினேன். டிஸ்க் 0 என்று வந்தது 931 ஜிபி. அதாவது ஹார்ட்டிஸ்க். அந்த நேரத்துக்குள் மூன்று சிஸ்டங்களில் கிளீன் ஓடிவிட்டது. இரண்டில் கோப்பு டிஸ்க் ஏற்கெனவே காலி. ஒன்றில் பயனரின் கோப்புகள் இருந்தன. முந்தைய நாள் எடுத்த காப்பு நகல் இருந்ததால் தப்பித்தோம். அந்தக் காப்பு நகலை எடுக்க வேண்டுமா என்று சலித்துக்கொண்டது நான்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

டிஸ்க் எண் என்பது முகவரி இல்லை. விண்டோஸ் அந்த பூட்டில் எந்த வரிசையில் டிஸ்க்குகளைச் சந்தித்ததோ அந்த வரிசை. என்விஎம்இ முதலில் வர வேண்டும் என்று எங்கும் விதி கிடையாது. லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகியிருந்தபோது பென்டிரைவே டிஸ்க் 0 ஆனதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். பார்த்தும் உறைக்கவில்லை.

ஸ்கிரிப்டை மாற்றினோம். வின்பிஇ-யில் பவர்ஷெல்லும் அதற்கான ஸ்டோரேஜ் பகுதியும் கூடுதலாகச் சேர்த்தால் ஒவ்வொரு டிஸ்க்கும் எந்த பஸ்ஸில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று கேட்க முடியும். பஸ் வகை என்விஎம்இ ஆக இருக்கும் டிஸ்க்கை எடு என்று எழுதினேன். டெஸ்க்டாப்களில் அழகாக ஓடியது. அதே ஸ்கிரிப்டை மாலையில் மீதி லேப்டாப்களுக்கும் வைத்தோம். திரையில் வந்தது: “பொருத்தமான டிஸ்க் இல்லை.”

தம்பி என்னைப் பார்த்தான். டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் இருக்கிறது. எக்ஸ் டிரைவில் இன்றைய தேதி இருக்கிறது. இந்தத் தடவை பார்வையில்லாதது நான் எழுதிய ஸ்கிரிப்ட். விஎம்டி டிரைவரின் வழியாக வரும் என்விஎம்இ டிஸ்க் தன் பஸ் வகையை என்விஎம்இ என்று சொல்வதில்லை, ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் முறை) என்று சொல்கிறது. இப்போது ஸ்கிரிப்ட் வேறு விதமாகக் கேட்கிறது: யுஎஸ்பி டிஸ்க்கை விலக்கு, சுழலும் டிஸ்க்கை விலக்கு, 200 ஜிபிக்குக் கீழ் இருப்பதை விலக்கு. மிஞ்சுவது சரியாக ஒன்று என்றால் தொடர். இரண்டு மிஞ்சினாலோ ஒன்றும் மிஞ்சாவிட்டாலோ எல்லா டிஸ்க்கையும் திரையில் பட்டியலிட்டு நின்றுவிடு. நிற்கிற ஸ்கிரிப்ட் எரிச்சலூட்டும்தான். தானாக முடிவெடுத்து அழிக்கிற ஸ்கிரிப்ட்டோடு ஒருநாள் வாழ்ந்து பார்த்துவிட்டதால் எனக்கு அந்த எரிச்சல் போதும்.

பயாஸுக்கே தெரியாத இரண்டு

42-இல் 40 முடிந்தன. மீதி இரண்டில் டிஸ்க் பயாஸிலேயே இல்லை. இங்கே டிரைவரைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை, திருப்புளியை எடுக்க வேண்டியதுதான். ஒன்றில் எம்.2 எஸ்எஸ்டியைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு கழன்று, கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் நாங்கள் துடைத்துச் செருகிய அதே லேப்டாப். திருகை யார் சரியாக முடுக்கவில்லை என்று நாங்கள் விசாரணை நடத்தவில்லை.

இன்னொன்று சுவாரசியமானது. உள்ளே இருந்த டிஸ்க் மற்றவற்றில் இருந்த ரகம் இல்லை. விளிம்பில் ஒரு வெட்டுக்குப் பதில் இரண்டு வெட்டு, அது எம்.2 வடிவத்தில் வரும் சாட்டா எஸ்எஸ்டி. எங்கோ ஒரு கட்டத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அந்த வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். இந்த லேப்டாப்பின் சாக்கெட் என்விஎம்இ மட்டும் பேசும். கார்டு கச்சிதமாக உட்காரும், ஆனால் யாருக்கும் தெரியாது.

லினக்ஸ் பென்டிரைவ்: இரண்டாவது சாட்சி

இந்த நான்கு நாளில் நான் தாமதமாகச் செய்த ஒன்று, சமீபத்திய கர்னல் உள்ள லினக்ஸ் பென்டிரைவில் ஒரு லேப்டாப்பை பூட் செய்து பார்த்தது. லினக்ஸ் கர்னலில் விஎம்டிக்கான டிரைவர் ஏற்கெனவே இருப்பதால் 12ஆம் தலைமுறை டிஸ்க் எந்தச் சிரமமும் இல்லாமல் தெரிந்தது. முதல் நாளே செய்திருந்தால், டிஸ்க்கும் போர்டும் நன்றாக இருக்கின்றன, குறை வின்பிஇ பக்கம் என்று கேபிளைத் தொடும் முன்பே தெரிந்திருக்கும்.

லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இமேஜிங் கருவி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் தலைகீழ். விஎம்டிக்கு முந்தைய தலைமுறைகளில் பயாஸில் சாட்டா அமைப்பு ரெய்டு என்று இருந்தால், என்விஎம்இ டிஸ்க், சாட்டா டிஸ்க்குகளைக் கவனிக்கும் ஏஎச்சிஐ கன்ட்ரோலருக்குள் ஒளித்துவைக்கப்படும். விண்டோஸில் ஆர்எஸ்டி டிரைவர் அதைத் தோண்டி எடுக்கும்; லினக்ஸ் எடுக்காது. ஆனால் கர்னல் நேர்மையாகச் சொல்லிவிடும். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில், இத்தனை என்விஎம்இ சாதனம் இடம் மாற்றப்பட்டிருக்கிறது, பயாஸை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்று என்று ஏஎச்சிஐயின் பெயரிலேயே ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அந்த வரி இல்லாமல், டிஸ்க்கும் இல்லாமல் இருந்தால் கருவியோடு வரும் கர்னல் பழையதாக இருக்கலாம்; புதுப்பித்துப் பாருங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் இதில் நிறுவ முடியாது என்று செட்டப் மறுப்பது முற்றிலும் வேறு கதை. அது பெரும்பாலும் புதிய முறையான யுஇஎஃப்ஐ பூட்டுக்கு ஜிபிடி முறையில் பிரித்த டிஸ்க் வேண்டும், இருப்பது பழைய எம்பிஆர் முறை என்ற சண்டை. அதற்கு டிரைவர் தேடாதீர்கள்.

இது நடந்து சில மாதம் கழித்து அடுத்த தொகுதி லேப்டாப்கள் வந்தன, இன்டெல் கோர் அல்ட்ரா. முதல் சிஸ்டத்தில் அதே செய்தி: டிஸ்க் இல்லை. நான் எழுந்து போவதற்குள் தம்பி பயாஸைப் பார்த்துவிட்டான், டிஸ்க் இருந்தது. எக்ஸ் டிரைவில் தேதி சரியாக இருந்தது. பக்கத்து லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து எண்ணைப் படித்தான்: 7டி0பி. எங்கள் ஐஎன்எஃப்பை நோட்பேடில் திறந்து தேடினான், இல்லை. புதிய ஆர்எஸ்டியை இறக்கி, பிரித்து, அதில் எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பென்டிரைவில் போட்டான். டிஆர்வி-லோட், ரீஸ்கேன். 476 ஜிபி வந்தது.

“அண்ணா, இன்டெக்ஸ் 2 தானே?” என்று கேட்டான். “ஆமாம்” என்றேன்.